முகப்போடு திரும்பலாமா?



‘பழைய மாளிகைகளைப் பார்க்கத் திட்டமிட்டுப் பயணம் போவது பயனா, வெட்டிச் செலவா?’ இதுதான் இன்றைய தலைப்பு. வெட்டிச் செலவு என்று நிலைநாட்ட வந்த எதிரணித் தலைவர் முழுசாகப் பதினைந்து நிமிடம் பேசினார். பெட்ரோல் விலை பேசினார். சுங்கச்சாவடிக் கட்டணம் பேசினார். நெடுஞ்சாலை ஓட்டலில் காபி என்ன விலை விற்கிறது என்று சொல்லிக் கண்கலங்கினார். மாளிகையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில், ‘அடுத்தவன் வீட்டைப் போய்ப் பார்த்து நமக்கென்ன ஆகப்போகிறது?’ என்று கேட்டுவிட்டு, கைதட்டலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அடுத்தவன் வீடா, நடுவர் அவர்களே? பட்டா ஒருவர் பேரில் இருக்கலாம். பர்மாவிலிருந்து வந்த தேக்கைத் தூணாக இழைத்தவர் யார்? சுண்ணாம்பை அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, முகம் தெரியும்வரை சுவரைத் தேய்த்தவர் யார்? நிலைவாசலில் கஜலட்சுமியைச் செதுக்கிய உளி யாருடையது? அந்தத் தச்சரின், கொத்தரின் பேரன் பேத்திகள் இந்த அரங்கிலேயே உட்கார்ந்திருக்கலாம். அவர்களைப் பார்த்து ‘அது அடுத்தவன் வீடு, போகாதே’ என்று சொல்ல எதிரணிக்கு என்ன உரிமை? கட்டிய காலத்தில் அந்தக் கைகள் வேலை முடிந்ததும் கூலியை வாங்கிக்கொண்டு வெளியேறின. கிரகப்பிரவேசத்துக்குப் பிறகு அவர்களில் எத்தனை பேருக்கு முகப்பைத் தாண்டி உள்ளே உட்கார இடம் கிடைத்திருக்கும்? இன்றைக்கு ஒரு நுழைவுச்சீட்டு வாங்கினால் அவர்கள் வீட்டுப் பிள்ளை நேரே உள்ளே போய், அண்ணாந்து கூரையைப் பார்த்து, ‘இது எங்க தாத்தா வேலை’ என்று சொல்லலாம். இதற்கா வெட்டிச் செலவு என்று பேர்?

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் சற்றுச் சாமர்த்தியசாலி. ‘மாளிகை பார்ப்பது தப்பில்லை. போகிற வழியில் இருந்தால் எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம். அதற்கென்று நாள் குறித்து, படித்து, பட்டியல் போட்டுக் கிளம்புவதுதான் வீண்’ என்றார். இந்த எட்டிப் பார்க்கிற வேலை எப்படி நடக்கிறது என்பதை அவைக்குச் சொல்லியாக வேண்டும். கன்னியாகுமரிக்குப் போவோம்.

ஒரு குடும்பம். ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்து வந்தாயிற்று. திங்கள் விடியற்காலை சூரிய உதயம் பார்த்தாயிற்று. படகில் ஏறி விவேகானந்தர் பாறைக்கும் போய்வந்தாயிற்று. இட்லி சாப்பிடும்போது யாரோ ஒருவர், ‘போற வழியில பத்மநாபபுரம் அரண்மனை இருக்காம், எட்டிப் பாத்துட்டுப் போயிடலாம்’ என்கிறார். வேன் தக்கலைக்கு வந்து, பிரிந்து, கோட்டைக்குள் நுழைந்து, அரண்மனை வாசலில் நிற்கிறது. கதவு பூட்டியிருக்கிறது! திங்கட்கிழமை விடுமுறை. நேற்றுப் போட்ட சட்டமில்லை, எல்லாத் திங்கட்கிழமையும் விடுமுறைதான். மைத்துனர் காவலாளியிடம் போகிறார். ‘சார், மெட்ராஸ்லேர்ந்து வர்றோம் சார், பெரியவங்க இருக்காங்க சார், அஞ்சு நிமிஷம்.’ காவலாளி தலையை ஆட்டுகிறார், கதவு ஆடவில்லை. மைத்துனர் விடுவாரா? ‘இங்க கலெக்டர் யாரு, பேசட்டுமா?’ என்கிறார். அரண்மனை இருப்பது தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில். ஆனால் நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறை! 1956 நவம்பர் 1 அன்று இந்தப் பகுதி தமிழகத்தோடு இணைந்தது, அரண்மனை மட்டும் கேரள அரசின் பொறுப்பிலேயே நின்றுவிட்டது. ஒரு மாநிலத்தின் மண்ணில் இன்னொரு மாநிலம் பராமரிக்கும் அரண்மனை என்ற அந்த அதிசயத்தை, பூட்டிய கதவுக்கு முன்னால், மைத்துனருக்கு ஒரு காவலாளி சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை வந்த இன்னொரு குடும்பம் இருக்கிறது, அதையும் பாருங்கள். பகல் ஒரு மணிக்கு வந்து சேர்கிறார்கள். சாப்பாட்டு இடைவேளை, இரண்டு மணிக்குத்தான் திறப்பார்கள். சரி என்று நாகர்கோவில் பக்கம் பிரியாணிக்குப் போய், மெதுவாகத் திரும்பி வரும்போது மாலை நாலு. சீட்டுக் கொடுக்கும் இடத்தில் ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்கிறார்கள். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டமாக ஓடுகிறார்கள். முன்னால் போகிறவரின் முதுகைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. வேனில் ஏறியதும் பாட்டி கேட்கிறாள், ‘உள்ளே என்னடா இருந்துச்சு?’ பேரன் சொல்கிறான், ‘ஒரு கட்டில் இருந்துச்சு பாட்டி.’ நானூறு ஆண்டுக்கு மேற்பட்ட ஒரு மர அரண்மனை, எட்டிப் பார்த்தவனுக்கு ஒரே ஒரு கட்டிலாகப் போய்விட்டது! நடுவர் அவர்களே, எதிரணி சிபாரிசு செய்கிற பயணம் இதுதான்.

மூன்று மணி நேரப் படத்துக்கு மூன்று நாள் முன்னாலேயே எந்த வரிசை, எந்த நாற்காலி என்று பார்த்துப் பதிவு செய்கிற ஊர் இது. அரண்மனைக்கு மட்டும் எதற்குத் திட்டம் என்று கேட்கிறார்கள்!

திட்டமிட்டு வந்தவர் அதே வாசலில் காலை ஒன்பது மணிக்கு நிற்கிறார். கூட்டம் இன்னும் வரவில்லை. முதலில் பூமுகம். தலைக்கு மேலே மரக்கூரை முழுக்க விதவிதமான பூச்செதுக்கல், ஒன்றுபோல் ஒன்று இல்லை. அங்கே தொங்குகிற குதிரைவீரன் விளக்கை எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் திருப்பிய நிலையிலேயே நிற்கும் என்று படித்துவிட்டு வந்திருக்கிறார். அதனால் அதைத் தேடிப் பார்க்கிறார். படியேறினால் மன்னரின் ஆலோசனைக் கூடமான மந்திரசாலை. சன்னல்களில் கண்ணாடி கிடையாது, நிறம் தீட்டிய அபிரகத் தகடுகள். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே இதமான மங்கல் வெளிச்சம். கால் வைக்கிற தரை கறுப்பாய்ப் பளபளக்கிறது. சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, செடிச்சாறுகள் எல்லாம் சேர்த்து இழைத்தது என்று சொல்வார்கள். அப்புறம் ஊட்டுப்புரை. மேலும் கீழுமாக இரண்டாயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிட்டதாகச் சொல்லப்படும் நீளக் கூடங்கள். இருப்பதில் மிகப் பழையது தாய்க்கொட்டாரம், 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கருதப்படுவது. அங்கே முற்றத்தின் ஓரம் நிற்கும் பலா மரத்தூணின் வேலைப்பாட்டுக்கே ஒரு நாழிகை வேண்டும். பேரன் பார்த்த அந்தக் கட்டிலும் இருக்கிறது, மூலிகை மரங்களால் இழைத்தது. திட்டமிட்டவருக்கு அது நூற்றில் ஒன்று.

அவர் அதோடு நிற்கவில்லை. அரண்மனையிலிருந்து கொஞ்ச தூரத்தில் புலியூர்க்குறிச்சி. அங்கே உதயகிரிக் கோட்டை. 1741-இல் குளச்சல் போரில் டச்சுக் கம்பெனிப் படையைத் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மர் தோற்கடித்தபோது பிடிபட்ட அதிகாரி டிலனாய். கைதியாக வந்தவர், திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி கொடுத்துத் தளபதியாக உயர்ந்து, இந்த மண்ணிலேயே 1777-இல் மறைந்தார். அவர் கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. அரண்மனையில் மார்த்தாண்ட வர்மரின் மந்திரசாலையைப் பார்த்துவிட்டு, அரைமணி நேரத்தில் அந்தக் கல்லறைக்கு முன்னால் நிற்கிற பிள்ளைக்கு, குளச்சல் போர் ஒரு மதிப்பெண் கேள்வியாக இருக்காது. புரட்டாசியில் நாள் பார்த்து வந்தால் இன்னும் ஒன்று கிடைக்கும். நவராத்திரிக்காக இந்த அரண்மனையிலிருந்து சரசுவதி புறப்பட்டு, வேளிமலைக் குமரனோடும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையோடும் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் போவாள். திருவிதாங்கூரின் தலைநகரம் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. விழாவுக்குச் சாமி மட்டும் ஆண்டுதோறும் பழைய வீட்டிலிருந்து போய்வருகிறாள். எட்டிப் பார்க்கிறவருக்கு இது எந்த வாசலில் தெரியும்?

அடுத்து மதுரை. திருமலை நாயக்கர் மகால் மதுரைக்காரர்களுக்கு அலுத்துப்போன இடம் என்று எதிரணி சொன்னது. அலுப்பு யாருக்கு வரும்? சினிமாப் பாட்டு எடுத்த தூண் எது என்று தேடுகிறவருக்கு வரும். அவர் அந்தத் தூணைக் கண்டுபிடித்து, சாய்ந்து நின்று, படம் பிடித்துக்கொண்டு பத்தாவது நிமிடம் வெளியே வருகிறார். 1636-இல் கட்டிய அரண்மனையில் இன்று நிற்பது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் என்பதும், மிச்சத்தைத் திருமலையின் பேரன் சொக்கநாத நாயக்கரே பெயர்த்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார் என்பதும், 19-ஆம் நூற்றாண்டில் சென்னை ஆளுநர் நேப்பியர் பிரபு கைகொடுத்திராவிட்டால் இந்தக் கால் பங்கும் மண்மேடு என்பதும் அவருக்குத் தெரியாது. தெரிந்து வந்தவர் என்ன செய்வார்? மகாலைப் பார்த்துவிட்டு விளக்குத்தூண் பக்கம் நடப்பார். ஜவுளிக்கடைச் சந்துக்குள் வரிசையாக நிற்கும் பத்துத் தூணைப் பார்ப்பார். அதே அரண்மனையின் தூண்கள்! மகாலுக்கும் அந்தச் சந்துக்கும் நடுவே இருக்கும் கடைகளும் வீடுகளும் நிற்கிற பரப்பை நடந்து கடக்கும்போதுதான், திருமலை நாயக்கர் எவ்வளவு பெரிய கனவைக் கண்டார் என்று காலுக்குத் தெரியும். மதுரையிலேயே பிறந்து, தீபாவளிக்குத் தீபாவளி பத்துத்தூண் சந்தில் சேலை எடுத்துவிட்டு, அந்தத் தூண்கள் எதற்கு நிற்கின்றன என்று ஒருமுறைகூடக் கேட்காதவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்கு மகால் பக்கத்துத் தெருவில்தான் இருந்தது. திட்டம் இல்லை.

அந்த மகாலின் சுதைத் தூண்களில் ஆணியால் கீறி, இதயம் வரைந்து, இரண்டு பேர் பெயரை எழுதிவைத்தவர்கள் யார்? ஊரில் கிளம்பும்போதே படித்து, குறித்து, நாள் பார்த்து வந்தவரா அப்படிக் கிறுக்குவார்? வேறு எதற்கோ வந்து, வெயிலுக்கு ஒதுங்கி, பொழுது போகாமல் நின்றவர் செய்த வேலை அது. தெரியாத பொருளின் மேல்தான் கை ஆணியை எடுக்கும். எட்டிப் பார்ப்பது போதும் என்று பேசுகிறவர்கள் அந்தத் தூண்களுக்கும் சேர்த்துப் பதில் சொல்லட்டும்.

இனி செட்டிநாடு. நடுவர் அவர்களே, மணியை அடித்துவிடாதீர்கள், இந்த அணியின் உயிர் இந்த இடத்தில் இருக்கிறது.

கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர், தேவகோட்டை, கடியாபட்டி. எழுபதுக்கு மேற்பட்ட ஊர்களில் ஆயிரக்கணக்கான வீடுகள். ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீளும் வீடுகள். முகப்பு, பட்டாலை, வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாங்கட்டு, அடுப்படி என்று வரிசையாகப் போகும். முதல் வாசலில் நின்றால் கடைசி வாசல்வரை கண் ஓடும். எட்டிப் பார்க்கிறவர் இங்கே வந்தால் என்ன பார்ப்பார்? கானாடுகாத்தான் அரண்மனையை வெளியே நின்று படம் பிடிப்பார். காரைக்குடி ஆயிரம் சன்னல் வீட்டைத் தெருவில் நின்று எண்ணப் பார்த்து, நடுவில் விட்டுவிடுவார். அந்த இரண்டும் வழிப்போக்கருக்குத் திறக்கிற வீடுகள் அல்ல. பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, செட்டிநாடு பார்த்தாயிற்று என்று ஊருக்குப் போய்ச் சொல்வார்.

திட்டமிட்டு வருகிறவருக்குத் திறக்கும் வீடுகள் வேறு. ஆத்தங்குடியில் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டும் பெரிய வீடு இருக்கிறது. கடியாபட்டி சிதம்பர விலாஸ், கோத்தமங்கலம் சாரதா விலாஸ் என்று தங்கிப் பார்க்கக்கூடிய வீடுகள் இருக்கின்றன. இன்னும் சில வீடுகளில் காவலுக்கு இருக்கும் பெரியவரிடம் முந்தின நாளே சொல்லிவைத்தால் வளவுவரை அழைத்துப் போவார். ஆனால் முகூர்த்த நாளில் போனால் எந்த வீட்டிலும் நுழைய முடியாது. சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்கும் குடும்பங்கள் கல்யாணத்துக்கும் அறுபதாம் கல்யாணத்துக்கும் அந்த வீட்டுக்குத்தான் வருவார்கள். வீடு விழித்திருக்கும் அந்த நாளில் அது வீட்டுக்காரருடையது. இதெல்லாம் தெரியாமல் காரைக்குடிப் பேருந்து நிலையத்தில் இறங்கி ‘செட்டிநாட்டு வீடு எங்கே?’ என்று கேட்டால், பக்கத்து மெஸ்ஸைக் கைகாட்டுவார்கள்.

உள்ளே போனவர் என்ன கற்றுக்கொள்கிறார்? வளவைச் சுற்றிச் சின்னச் சின்ன அறைகளாக வரிசையாக இருக்கும். இவ்வளவு பெரிய வீட்டில் அறை ஏன் இத்தனை சிறிசு? மணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் அறை உண்டு, அவன் மனைவி கொண்டுவந்த சீர்ச்சாமான் அதில் இருக்கும். கல்யாணமான கொஞ்ச நாளில் அவர்களை ‘வேறு வைப்பார்கள்’. அதே வீடு, அதே கூரை, ஆனால் உலை தனி. கூட்டுக்குடும்பமா தனிக்குடும்பமா என்று இதே மேடையில் எத்தனை பட்டிமன்றம் நடந்திருக்கும்! இரண்டையும் ஒரே கூரைக்குள் வைத்துக் காட்டிய வீடு காரைக்குடிப் பக்கம் இருக்கிறது, போய்ப் பார்த்தவர்கள்தான் இல்லை.

அண்ணாந்து பார்த்தால் பர்மா தேக்கு. அந்தத் தேக்கு எப்படி வந்தது? இந்த வீட்டுக்காரர்கள் பர்மாவின் நெல் வயல்களுக்குக் கொடுத்த கடனின் வட்டிப் பணத்தில் வந்தது. 1930களின் பொருளாதார மந்தத்தில் விவசாயிகளால் கடனைத் திருப்ப முடியாமல் நிலங்கள் இவர்கள் கைக்கு மாறின. அங்கே பர்மிய உழவர் நிலத்தை இழந்தார். 1942-இல் ஜப்பானியர் நுழைந்தபோது இங்கிருந்து போனவர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். விடுதலைக்குப் பிறகு பர்மா அந்த நிலங்களை எடுத்துக்கொண்டது. வீடு கட்டின பணமும் நின்றது, வீட்டைக் காப்பாற்றுகிற பணமும் நின்றது. இத்தனையும் அந்தத் தூணில் இருக்கிறது. படித்துவிட்டு வந்தவர் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்று இரண்டு நாட்டுச் சரித்திரத்தைப் பார்க்கிறார். எட்டிப் பார்த்தவர் ‘செம மரம்ல’ என்கிறார்!

தரையைப் பாருங்கள். ஆத்தங்குடிக் கல். சூளையில் சுடாத கல் அது. ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணக் குழம்பைக் கரண்டியால் கட்டம் கட்டமாக ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, கலவையை நிரப்பி அமுக்கி, காயவைத்துத் தண்ணீரில் போட்டு எடுக்கிறார்கள். கண்ணாடியைப் பிரிக்கும்போது அந்த வழவழப்பு கல்லுக்கு வந்துவிடுகிறது. ஒவ்வொன்றும் கையால். பட்டறையில் நின்று ஒரு கல் உருவாகிற வரைக்கும் பார்த்துவிட்டு, அப்புறம் பெரிய வீட்டுக் கூடத்தில் கால் வைக்கிற குழந்தை செருப்பை வாசலிலேயே விட்டுவிடும். யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வீடுகள் என்ன ஆகிக்கொண்டிருக்கின்றன தெரியுமா? ஒரு வீட்டுக்கு முப்பது பங்காளிகள், நாற்பது பங்காளிகள். ஓடு மாற்றக்கூட எல்லோரும் ஒப்ப வேண்டும். ஒப்பமாட்டார்கள். மழை ஒழுகும். உத்திரம் உளுக்கும். இடிப்பதற்கு மட்டும் ஒருநாள் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. அங்கே வீடு பிரித்துப் பிரித்து விற்பனைக்குக் கிடக்கும். நிலை தனியாக, தூண் தனியாக, ஊஞ்சல் பலகை தனியாக, கல்யாண வீட்டில் நீர் வைத்த அண்டா தனியாக. பெரிய நகரத்து ஓட்டலின் வரவேற்பறைக்கு ஒரு செட்டிநாட்டுத் தூண் போனால், இங்கே ஒரு முகப்பு சரிந்துவிட்டது என்று கணக்கு. 2014-இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகளையும் பத்மநாபபுரம் அரண்மனையையும் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் சேர்த்தது இந்தியா. பட்டியல் ஓடு மாற்றித் தராது. ஓடு மாற்றப் பணம் வேண்டும். இரண்டு இரவு தங்கி, கும்மாயமும் பால் பணியாரமும் சாப்பிட்டு, காசு கொடுத்துவிட்டுப் போகிற ஆள் வேண்டும். இடிப்பதைவிட வைத்திருப்பதில் வருமானம் உண்டு என்று நாற்பது பங்காளிகளுக்கும் தெரிய வேண்டும். அந்த வருமானம் என்றாவது ஒருநாள் வழி தவறி வருகிற வேனால் வராது. மாதம் முன்னாலேயே அறை பதிவு செய்கிறவரால்தான் வரும்.

வெறும் ஆசைப் பேச்சு என்று எதிரணி சொல்லக்கூடும். இங்கிலாந்தைப் பார்க்கட்டும். உலகப்போர்களுக்குப் பிறகு அந்த நாட்டுப் பிரபுக்களால் வாரிசு வரி கட்ட முடியவில்லை. 20-ஆம் நூற்றாண்டில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராம மாளிகைகள் இடிபட்டன. 1949-இல் லாங்லீட் மாளிகையின் பிரபு கதவைத் திறந்து, சீட்டுப் போட்டு, பொதுமக்களை உள்ளே விட்டார். பிரபு வீட்டில் கண்டவரும் நுழைவதா என்று முணுமுணுத்தார்கள். மாளிகை இன்றும் நிற்கிறது. 1974-இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இடிந்துபோன வீடுகளுக்காகவே ஒரு கண்காட்சி வைத்தார்கள். அழிந்த வீடுகளின் பெயரை ஒரு குரல் வாசித்துக்கொண்டே இருந்தது. கேட்டவர்கள் விழித்துக்கொண்டார்கள். வார விடுமுறை வந்தால் குடும்பத்தோடு ஒரு பழைய மாளிகைக்குப் போவது இன்று அங்கே வழக்கமாகிவிட்டது.

அமெரிக்கா இன்னும் பொருத்தமான உதாரணம். அந்த நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் வாஷிங்டன் வாழ்ந்த மவுண்ட் வெர்னன் வீடு பெயின்ட் உரிந்து, தாழ்வாரம் சாய்ந்து கிடந்தது. 1853-இல் ஆற்றில் படகில் போன ஓர் அம்மா அந்தக் கோலத்தைப் பார்த்து மகளுக்குக் கடிதம் எழுதினார். மகள் ஆன் பமேலா கன்னிங்ஹாம், உடல்நலம் குன்றியவர், பெண்களைத் திரட்டிச் சங்கம் அமைத்தார். 1858-இல் இரண்டு லட்சம் டாலருக்கு வீட்டை வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். இன்றுவரை அந்தப் பெண்கள் சங்கம்தான் அதை நடத்துகிறது, அரசாங்கப் பணம் வாங்காமல். அடிமைகள் குடியிருந்த கொட்டடியையும் மறைக்காமல் காட்டுகிறார்கள். பார்க்க வருகிறவர் கொடுக்கிற காசும் நன்கொடையும்தான் கூரையைத் தாங்குகின்றன. இந்த அரங்கில் இருக்கும் தாய்மாரே, அது பெண்கள் செய்த காரியம்!

‘பணக்காரன் பவிசைப் பார்த்து ஏங்கவா?’ என்று எதிரணியின் மூன்றாம் பேச்சாளர் உணர்ச்சிவசப்பட்டார். அவருக்குத் திட்டம் என்றால் என்ன என்றே புரியவில்லை. திட்டம் போடுகிறவர் காரைக்குடியில் மாளிகை பார்த்துவிட்டு, மதுரை வழியாக விருதுநகருக்கும் போவார். முதலமைச்சரான காமராசரின் தாயார் சிவகாமி அம்மையார் கடைசிவரை வாழ்ந்த அந்தச் சின்ன வீட்டுக்குள் குனிந்து நுழைவார். ஒன்றைப் பார்த்தவருக்கு மற்றொன்றின் அளவு தெரியும். இரண்டையும் ஒரே பயணத்தில் சேர்த்து வைப்பது யார் வேலை? பயணத் திட்டம் போட்டவர் வேலை. பணக்காரர் வீட்டைப் பார்க்காதே என்று தடுப்பவர், உழைப்பாளியின் கைவேலையைத்தான் மறைக்கிறார்.

கைப்பேசியில் எல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வாதம். இதற்கு நேரம் செலவழிக்கத் தேவையில்லை. பத்மநாபபுரத்துத் தரையின் குளிர்ச்சி எந்தக் காணொளியில் காலில் ஏறுகிறது என்று மட்டும் எதிரணி சொன்னால் போதும்.

காசில்லாதவர் என்ன செய்வது? சென்னைக்காரர்களுக்கு முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது. இடிபட்ட வீடுகளின் பாகங்களைக் கொண்டுவந்து 1996 முதல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். செட்டிநாட்டு வணிகர் வீடும் உண்டு, கேரளத்து மர வீடும் உண்டு. மாநகரப் பேருந்திலேயே போகலாம். செவ்வாய்க்கிழமை போகாதீர்கள், அன்றைக்கு விடுமுறை. வெளியூர் போக முடிந்தவர்கள் ஐதராபாத் சௌமகல்லா அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை போகாதீர்கள். மைசூரு அரண்மனையில் தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட பல்புகள் எரிகிற காட்சிக்கு ஞாயிறு மாலை போங்கள். எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தின் செம்மண் நிற விக்டோரியா மண்டபத்தை வடிவமைத்த அதே ஹென்றி இர்வின்தான் மைசூரு அரண்மனையையும் வடிவமைத்தார் என்பதைக் கிளம்பும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். 1897-இல் பழைய அரண்மனை எரிந்துபோக, 1912-இல் இப்போதையது எழுந்தது.

நடுவர் அவர்களே, எதிரணி இந்த மேடையில் சுங்கச்சாவடி ரசீதைக் காட்டியது. இந்த அணி பத்துத்தூண் சந்தையும், டிலனாய் கல்லறையையும், முனீஸ்வரன் கோவில் தெருவில் விலைக்குக் கிடக்கும் நிலைக்கதவுகளையும் காட்டியிருக்கிறது. எது கனம் என்பது உங்களுக்குத் தெரியும்.

அவையோரே, அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் விடுமுறை வருகிறது. வெயிலும் இருக்காது. திருச்சியிலிருந்து காரைக்குடி போகும் பாதையில் ‘செட்டிநாடு’ என்ற பெயரிலேயே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. இன்று இரவே வீட்டில் உட்கார்ந்து நாள் குறியுங்கள். முகூர்த்த நாளைத் தவிர்த்து, தங்குகிற வீட்டுக்கு முன்கூட்டியே போன் செய்து, ஆத்தங்குடிப் பட்டறைக்கு ஒரு காலை வேளையை ஒதுக்குங்கள். மதுரைக்கு ஒரு பகல், விருதுநகருக்கு ஒரு மணி நேரம், தக்கலைக்குத் திங்கள் தவிர எந்த நாளும். பிள்ளைகளை வளவில் உட்காரவைத்து, அந்த அறைகள் ஏன் அவ்வளவு சின்னவை என்று கேளுங்கள்.

மாளிகைகளைப் பார்க்கத் திட்டமிட்டுப் பயணம் போவது பயனே என்று நடுவர் அவர்கள் தீர்ப்பு வழங்க வேண்டும் என்று கேட்டு இந்த அணி அமர்கிறது.